கேஜ் பேங்க் – 14: அறுபத்து மூன்றாவது ஆள்

தசரதனின் பழைய சுரங்கத் தொப்பி நடு அறையில் ஆணியில் தொங்குகிறது. சுரங்கம் மூடிய நாளிலிருந்து அதற்குள் ஒரு பல்லியைத் தவிர யாரும் குடியிருந்ததில்லை. நான்கு மாதமாக ஒரு ரசீது குடியிருக்கிறது. கண்ணாடி பேங்க் கொடுத்த ரசீது. மூன்று லட்ச ரூபாய், வயசானவர்களுக்கு அரை சதவீதம் அதிக வட்டி.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. பல்லிக்குத் தெரியும். அது சொல்லாது.

போன வாரம் வரைக்கும் தசரதன் இதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. சுரங்கத்தை மூடியபோது கையில் கொடுத்த பணத்தில் மிச்சம் அந்த மூன்று லட்சம். அது கேஜ் பேங்கில் கிடந்தது. எடுத்தார், இரண்டு தெரு நடந்தார், கண்ணாடி பேங்கில் போட்டார். தன் பணம், தன் கால், பொதுத் தெரு. இதில் யாருக்கு என்ன?

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் இந்து வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஞாயித்துக்கிழமை கூட்டம்பா. எங்க பேங்கை கண்ணாடி பேங்க் எடுத்துக்கப் போவுது" என்று சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து தொப்பி கனக்க ஆரம்பித்துவிட்டது. ஆணி ஒரு விரற்கடை வளைந்தே போயிற்று. சந்தேகம் இருப்பவர்கள் தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்குக்கு வந்து பார்க்கலாம், ஆணியைப் பிடுங்கவில்லை.

இந்து கேஜ் பேங்கில் பதினெட்டு வருஷமாக கிளார்க்.

அந்த பேங்குக்கு ரப்பர் ஸ்டாம்பில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தொழிலாளர், சிக்கனம், கூட்டுறவு எல்லாம் அதில் வரும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் வழி தெரியாது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் மாதிரியே கவுண்டரைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருப்பதால் அது கேஜ் பேங்க்.

சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் கேஜ் பேங்க் மேனேஜர் தலை நிமிர்ந்ததே இல்லை. பணம் போட வந்தவனும் நின்றான், எடுக்க வந்தவனும் நின்றான். அவர் ரிடையர் ஆகி மாலை போட்ட அன்றுதான் அவருக்கு மீசை இருப்பது உறுப்பினர்களுக்குத் தெரிந்தது. லாபமோ கொட்டியது. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிற உறுப்பினருக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர் கொடுப்பது வழக்கம். அந்தக் காலத்து டம்ளரை ஒருவர் தூக்க முடியாது. பேத்தமங்களா ஏரி வற்றிய வருஷம் இரண்டு டம்ளர் பிடித்து வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் கோடையைத் தாண்டியது.

பிறகு காலம் மாறியது. யாரும் எங்கேயும் கடை விரிக்கலாம், யாரும் எங்கேயும் பணம் போடலாம் என்று ஆயிற்று. பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒன்று, அதற்கு எதிரில் ஒன்று, அதன் மாடியில் ஒன்று என்று ஏழு பேங்க் வந்தது. எட்டாவது போனுக்குள்ளேயே வந்தது. கேஜ் பேங்க் டம்ளர் வருஷா வருஷம் சிறுத்தது. போன வருஷம் கொடுத்ததில் கண்ணுக்கு மருந்து ஊற்றலாம்.

கடைசியாக நந்திதுர்க்குக்கே வந்தது கண்ணாடி பேங்க். கதவு, சுவர் எல்லாம் கண்ணாடி. கண்ணாடி இருப்பது தெரியாமல் முதல் வாரம் பதினொரு பேர் நெற்றி வீங்கித் திரும்பினார்கள். பன்னிரண்டாவதாக நெற்றி வீங்கிய, தசரதனின் பழைய சிநேகிதர் ஹரோல்ட் மட்டும், தன் வீக்கம் சர்ச் கதவில் வாங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

*

ஞாயிறு காலை ஆறரைக்கே இந்து புடவை கட்டித் தயாராக இருந்தாள். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு இட்லியாவது தின்னும்மா" என்றாள் அம்மா வெங்கடம்மா. "கூட்டத்துல எவனாவது கத்துவான். வெறும் வயித்தோட கேட்டா தலை சுத்தும்."

மருமகன் ராஜ்குமார் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு ரயிலில் திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமனார் வீட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி கூச்சத்துடன் இருப்பார்.

"வேலையை விட்டு எடுக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"எடுக்க மாட்டாங்க. எழுதியே குடுத்திருக்காங்க. இங்க ஆபீஸை மூடிட்டு எங்களை ஹூப்ளிக்கு மாத்துவாங்க. போறதும் போவாததும் நிம்ம இஷ்டன்னு கன்னடத்துல போட்டிருக்கு."

"நம்ம இஷ்டமா?"

"நம்ம இஷ்டம்தான். வேலை போவலை. வேலை ஹூப்ளிக்குப் போவுது, அவ்ளோதான்."

"ஹூப்ளிக்கு எத்தினி மணி நேரம்?" என்றாள் வெங்கடம்மா.

"ராத்திரி முழுக்க ரயிலும்மா."

"அப்போ மாப்பிள்ளையை அனுப்பு. அவரு ரயில்லதான குடியிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. வெங்கடம்மாவின் முழங்கால் வாசல்படி வரைக்கும்தான் வரும். பேத்தி பவ்யா பங்காருபேட்டை காலேஜில் இரண்டாம் வருஷம். ராஜ்குமார் சம்பளத்தில் பாதியை ரயிலும் காலேஜும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீட்டில் அடுப்பு எரிவது இந்துவின் சம்பளத்தில்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் ராஜ்குமார். "பேங்குன்னா பணம் வெச்சிருக்கிறவன். அவன் எப்படி நஷ்டத்துல போவான்?"

இந்து இட்லியைப் பிட்டாள். "முன்னாடி ஊருக்கு நாங்க ஒருத்தர்தான். ஏழு ரூவா வட்டிக்கு வாங்கி, பதிமூணு ரூவாய்க்குக் கடன் குடுத்தோம். நடுவுல ஆறு ரூவா நின்னுது. இப்போ பத்துப் பேரு. டெபாசிட் வட்டியை அவன் ஏத்துறான், கடன் வட்டியை இவன் இறக்குறான். நடுவுல ஒரு ரூவா கூட நிக்க இடம் இல்ல."

"அப்ப ஜனங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். யாரு இல்லேன்னா? ஜனத்துக்கு நல்லது. அந்த ஜனத்துல நான் இல்ல, அவ்ளோதான்."

தசரதன் சட்னியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கடுகு எத்தனை என்று கேட்டிருந்தால் அப்போது சரியாகச் சொல்லியிருப்பார்.

தடுக்க ஒரு வழி இருந்தது. நூற்று இருபது உறுப்பினர் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும். குறைந்தால் கூட்டம் கலைந்துவிடும், கண்ணாடி பேங்க் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு முடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை முழுக்க தசரதனும் ஹரோல்ட்டும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாகப் போய், ஒருத்தரும் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள். எல்லா வீட்டிலும் சத்தியம் செய்தார்கள். பாப்பம்மா தன் ஆட்டின் தலையில் அடித்தே சத்தியம் செய்தாள்.

இந்து கை கழுவிவிட்டு வந்தாள். சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்தாள். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொப்பி.

"அப்பா, நீ இன்னிக்கி வராத."

"நான் எங்க வர்றேன்? வராதீங்கன்னு ஊருக்கே சொன்னவன் நானு."

"அதுக்கு இல்ல. இன்னா ஆனாலும் வராத. ஹரோல்ட் அங்கிள் கூப்புட்டாலும் வராத. டம்ளர் குடுத்தாலும் வராத."

நான்கு தடவை சொன்னாள். கையெழுத்து எண்ணிக்கைக்காகத்தான் மகள் இவ்வளவு அழுத்திச் சொல்கிறாள் என்று தசரதன் எடுத்துக்கொண்டார்.

"சரி. நம்பர் சொல்லட்டுமா?" என்று கையைத் தூக்கினார்.

இது அப்பாவுக்கும் மகளுக்கும் பழைய விளையாட்டு. ஷிப்ட் முடிந்து கேஜில் மேலே வருகிறவன் கையைத் தூக்கித் தன் டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும். டைம் கீப்பர் அந்த நம்பரைத் திருப்பிச் சொல்வார். அதற்கு அப்புறம்தான் கையை இறக்கலாம். ஒரு நம்பர் குறைந்தாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். குறைகிற நம்பர் என்றால் கீழே ஒரு ஆள். ஆறு வயசு இந்து வாசலில் நின்று டைம் கீப்பர் வேலை பார்ப்பாள். "நம்பர்?" "நானூத்திப் பதினேழு." "நானூத்திப் பதினேழு, மேல வந்தாச்சு." அப்புறம்தான் தசரதனுக்கு வீட்டுக்குள் அனுமதி. ஒரு நாள் பொரி உருண்டை வாங்கி வரவில்லை என்று கோபத்தில் அவள் நம்பரைத் திருப்பிச் சொல்லவே இல்லை. தூக்கிய கையோடு வாசலில் நின்ற தசரதன் அடுத்த ஷிப்ட் சங்கு ஊதியதும் அப்படியே வேலைக்குத் திரும்பிப் போனார். அந்தக் கை வாரம் முழுக்க மேலேயே இருந்தது என்று வெங்கடம்மா சொல்வாள்.

இன்றைக்கு இந்து சிரிக்கவில்லை. "நீதான் எங்கயும் போவலையே. அப்புறம் எதுக்கு நம்பர்?" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

*

பத்தரைக்கு ஹரோல்ட் வந்தார். முப்பது வருஷம் சுரங்க வாயில் நின்று கேஜில் ஏறுகிற இறங்குகிற தலைகளை எண்ணியவர். இப்போதும் தெருவில் எதிரே வருகிறவர்களை உதடு அசைத்து எண்ணிக்கொண்டுதான் நடப்பார்.

"தசா, கிளம்பு."

"எங்க?"

"கிளப் ஹாலுக்கு. எவனாவது சத்தியத்தை மீறி வந்திருக்கானான்னு பார்க்க வேணாமா? வாசல்ல நின்னு பார்த்துட்டு ஓடியாந்துரலாம்."

"இந்து வராதன்னா."

"உள்ளதான வராதன்னுது? ரோடு கவர்மென்ட் ரோடு."

தசரதனுக்கு இது நியாயமாகப் பட்டது.

கிளப் ஹால் வாசலில் நூற்றைம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் எவனாவது வந்திருக்கானா என்று பார்க்க வந்தவர்கள்தான். வந்தவர்களைப் பார்த்து, "ஏன் வந்தே?" என்று வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரும் போகவில்லை. பத்து நிமிஷம் ஊர் கட்டுப்பாடாக இருந்தது.

அப்போது ஹாலுக்குள்ளிருந்து பாப்பம்மா வந்தாள். கையில் மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கு. வெயிலில் அது மின்னியதில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"பாப்பம்மா! ஆட்டுத் தலைல அடிச்சியே!"

"நான் கூட்டத்துக்குப் போவலப்பா, தூக்குக்குப் போனேன்" என்றாள் பாப்பம்மா. "இந்தத் தடவை டம்ளர் இல்ல. கண்ணாடி பேங்க்காரன் செலவாம். தட்டிப் பாரு, எப்படி கனம்!"

தட்டிப் பார்த்தார்கள். மணி மாதிரி ஓசை வந்தது. அந்த ஓசை அடங்குவதற்குள் வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள்.

"நூத்தி இருபது எங்க சேரப் போவுது?" என்றார் ஹரோல்ட். "அறுபது, எழுபது போட்டிருப்பான். நம்ம ரெண்டு பேர் போட்டா இன்னா ஆயிரும்?"

கூட்டத்தைக் கெடுக்க வேண்டும், தூக்கும் வேண்டும் என்று அங்கிருந்த ஒவ்வொருவரும் இதையேதான் கணக்குப் போட்டார்கள். தசரதனும் போட்டார். வெங்கடம்மாவுக்கு இருக்கிற தூக்கு கல்யாணத்தில் வந்தது, அடியில் ஈயம் வைத்தது. அவர் பேனாவை வாங்கியபோது வரிசை எண் நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது. பார்த்தார். பின்னால் ஹரோல்ட், அவர் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். அவர் போடாவிட்டாலும் ஆகப் போவதுதான். அந்த நினைப்பு கையைத் தடுக்கவில்லை, ஆறுதலாகவும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

ஹாலுக்குள் மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கோடு உள்ளே வருகிற அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தசரதன் தாங்கியிருப்பார். கொடியில் துணி கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், எட்டாத தூரத்தில் நிற்கிறவள் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

தலைவர் கோவிந்தன் மணி அடித்தார். "நூத்தி ஐம்பத்தோரு கையெழுத்து. கூட்டம் செல்லும்."

முன் வரிசையில் டை கட்டின ஒருவர் மடியில் ஒரு பைல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பேங்க் அனுப்பிய ஆபீசர். அவர் தலையை ஆட்டிப் பைலில் என்னவோ எழுதினார்.

"நம்ம பேங்க் நின்னு போறதுக்கு கமிட்டி காரணம் இல்ல" என்று ஆரம்பித்தார் கோவிந்தன்.

"கமிட்டிதான் தின்னுச்சு!" என்று பின்னாலிருந்து ஹரோல்ட் கத்தினார்.

"யாரு தின்னது? ஹரோல்ட், நான் இதுல காப்பி கூட என் காசுலதான் குடிக்கிறேன். ஒரே வருஷத்துல பெரிய டெபாசிட்டை எடுத்துக்கிட்டுப் போனவங்க அறுபத்து மூணு பேரு. லிஸ்ட் இருக்குது. வாசிக்கட்டுமா?"

"வாசி! வாசி!" என்று ஹாலே கத்தியது. ஒவ்வொருவரும் தன் பெயர் தவிர மற்ற அறுபத்திரண்டு பெயரைக் கேட்கிற ஆவலில் கத்தினார்கள். கூட்டத்தோடு சேர்ந்து தசரதனின் வாயும், "வாசி" என்றது. சொன்ன பிறகுதான் அது தன் வாய் என்று அவருக்கு உறைத்தது.

இந்து எழுந்தாள். "சார், பேரெல்லாம் வெளிய வாசிக்கக் கூடாது."

"சபை கேக்குதும்மா. சபை பெருசு. வாசி."

காலையில் மகள் நான்கு தடவை சொன்னது எதற்கு என்று தசரதனுக்கு அப்போது புரிந்தது.

*

முதல் பெயரே பாப்பம்மா.

ஹால் சிரித்தது. "ஆட்டுப் பேர்ல போட்டிருக்கலாம்ல!" என்று யாரோ சொன்னார்கள். இரண்டாவது பெயர் கோவிந்தனின் தம்பி. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கோவிந்தன் மணியைத் துடைத்தார். எட்டாவது பெயர், சனிக்கிழமை எல்லாரையும்விட உரக்கச் சத்தியம் செய்தவர்.

பன்னிரண்டாவது பெயர் ஹரோல்ட்.

"சர்ச் கதவு!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஹரோல்ட் எழுந்து நின்றார். நெற்றி வரைக்கும் சிவந்துவிட்டது. "ஆமா, எடுத்தேன். என் காசு, என் இஷ்டம். நாப்பது வருஷம் உங்க கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்னேன். ஒரு நாள் உட்காருன்னு சொன்னானா எவனாவது? அங்க போனா அந்தப் பொண்ணு எழுந்து நின்னு, சார், உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குது. எனக்கு அரை பர்சென்ட்டு கூட வேணாம்யா. அந்த சாருக்குத்தான் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தசரதன் தன் தூக்கைப் பார்த்தார். அவரையும் அந்தப் பெண் சார் என்றுதான் கூப்பிட்டாள். எழுபத்தோரு வயசில் முதல் தடவை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று பேனாவை மெதுவாகத்தான் திறந்தார்.

"அது தப்புன்னு நான் சொல்லல அங்கிள்" என்றாள் இந்து மைக்கில். அடுத்த பெயரை வாசித்தாள்.

இருபது தாண்டியதும் ஹாலில் சத்தம் குறைந்தது. முப்பதில் மின்விசிறி ஓடுவது கேட்டது. பக்கத்தில் இருப்பவனின் பெயர் வரும், அவன் குனிவான், கொஞ்ச நேரத்தில் குனியாதவன் பெயரும் வரும். திருடன் என்று யாரையும் சொல்ல முடியவில்லை. யாரும் யாருடைய காசையும் தொடவில்லை. ஆளுக்கு அரை சதவீதம் கூடக் கிடைக்கிற இடத்துக்கு நடந்து போனார்கள், அவ்வளவுதான். திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்தால் ஊருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

பெயர்கள் தேதி வரிசையில் வந்தன. தசரதனுக்குத் தன் இடம் தெரியும். ஜூலை மாதம் அவர் பணம் எடுத்த வெள்ளிக்கிழமை கேஜ் பேங்க் வரிசையிலும் கண்ணாடி பேங்க் வரிசையிலும் அவருக்கு முன்னால் இருந்தவள் லவினா டீச்சர். லவினா பெயர் வந்தால் அடுத்தது அவர்.

"லவினா" என்றாள் இந்து.

தசரதன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடையில் டம்ளர் வைக்கிற ஓசை கேட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

"ஆஸ்டின்" என்றாள் இந்து. "வினோலியா. அமலா." மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி, ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தாள்.

தசரதன் கண்ணைத் திறந்தார். மகளுக்கு நான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது. அவர் பணம் எடுக்கப் போன நாளில் அவள் லீவு. மறுநாள் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பாள். அந்த வாரம் கண்ணாடி பேங்க் ஏசியில் அவருக்குச் சளி பிடித்தது. கேட்காமலே மாத்திரை வாங்கி வந்து வைத்து, "குளிர்ல போய் உட்காராதப்பா" என்றாள். கரி அடுப்பும் தகரக் கூரையுமாக இருக்கிற வீட்டில் எங்கே குளிர் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

"அவ்ளோதான் சார்" என்று இந்து காகிதத்தை மடித்தாள்.

"ஆச்சா? தீர்மானத்துக்குப் போலாம்" என்றார் கோவிந்தன். வாசல் பக்கம் சிலர் எழுந்து வேட்டியை உதறினார்கள்.

"இரு."

ஹரோல்ட் எழுந்து நின்றிருந்தார். விரல்கள் மடங்கியபடி இருந்தன.

"அறுபத்திரண்டுதான் வந்துது."

"நீ தப்பா எண்ணிட்டே" என்றார் கோவிந்தன்.

"முப்பது வருஷம் கேஜ்ல தலை எண்ணினவன்கிட்ட சொல்றியா? அறுபத்து மூணுன்னே. அறுபத்திரண்டுதான் மேல வந்துது. ஒரு ஆள் இன்னும் கீழ கீறான்."

வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அறுபது எழுபது வயசு ஆட்கள், சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது, ஆனாலும் ஒரு நம்பர் குறைகிறது என்று கேட்டதும் கால் தானாகத் திரும்பிவிட்டது. மூன்று தூக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைக்கப்பட்ட ஓசை கேட்டது.

"எண்ணிக்கை சரியாவாம தீர்மானம் இல்ல" என்றார் ஒரு கிழவர். "ஆமா, இல்ல" என்றார்கள் பத்துப் பேர்.

தசரதனுக்கு ஒரு கணம் நெஞ்சுக்குள் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். எண்ணிக்கை சரியாகாது. தீர்மானம் வராது. கெடு முடியும். ஹூப்ளி ஹூப்ளியிலேயே இருக்கும்.

"எல்லாப் பேரையும் வாசிச்சியாம்மா?" என்றார் கோவிந்தன்.

"வாசிச்சேன் சார்."

பதினெட்டு வருஷத்தில் இந்து பேங்க் வேலையில் சொன்ன முதல் பொய் அது. பழக்கம் இல்லாததால் சரியாக வரவில்லை. முன் வரிசை ஆபீசர் பேனாவைத் திறந்து, அவள் பெயர் என்னவென்று பக்கத்தில் கேட்டார்.

"லிஸ்டைக் குடு. நானே வாசிக்கிறேன்."

இந்து காகிதத்தைக் கொடுக்கவில்லை. கோவிந்தன் கையை நீட்டினார். இந்து அரை அடி பின்னால் போனாள். அதற்குப் பின்னால் சுவர்.

பேசாமல் இருந்தால் மகள் சபை நடுவில் பொய்க்காரி. பேசினால் எண்ணிக்கை சரியாகிவிடும். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்க ஒரு வருஷம் வேண்டும். கோவிந்தனின் கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் நான்கு விரற்கடைதான் இருந்தது.

தசரதன் எழுந்தார். தூக்கு மடியிலிருந்து விழுந்து மூன்று அடுக்காகப் பிரிந்து உருண்டது. கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார்.

"நானூத்திப் பதினேழு."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தசா" என்றார் ஹரோல்ட் மெதுவாக. "நீயாய்யா?" பிறகு கடைசி விரலையும் மடக்கினார். "அறுபத்து மூணு. ஆயித்து."

கோவிந்தன் நெற்றியைத் துடைத்தார். கூட்டத்துச் சாப்பாட்டுக்கு வந்த சமையல்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. கோவிந்தன் மணியை அடித்தார்.

"கணக்கு சரியாயிருச்சு. கண்ணாடி பேங்கோட சேர்றதுக்கு சம்மதம் இருக்கிறவங்க கை தூக்கலாம்." ஹாலைப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னாலேயே ஒரு கை நின்றது. "ஒண்ணு" என்றார்.

தசரதன் கையைத் தூக்கினதைப் பார்த்து அவர் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். மகள் வேலை செய்கிற பேங்க், அவரே தூக்குகிறார், நமக்கென்ன என்று அடுத்த வரிசை தூக்கியது. பாப்பம்மா தூக்கோடு சேர்த்தே தூக்கினாள். "நாப்பது, நாப்பத்தொண்ணு" என்று கோவிந்தன் எண்ணிக்கொண்டே போனார்.

இறக்கிவிடலாமே என்று ஊரில் பின்னால் பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் கேஜில் போய் வந்தவர்கள் இல்லை. நம்பர் சொன்னவன், அதைத் திருப்பிச் சொல்லக் கேட்காமல் கையை இறக்க மாட்டான்.

"நானூத்திப் பதினேழு" என்றார் தசரதன் மறுபடியும், இந்தத் தடவை சத்தம் வராமல்.

திருப்பிச் சொல்ல வேண்டியவள் மைக்குக்கு முன்னால்தான் நின்றாள். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்து டம்ளர் அது. அதில் ஒரு வாய்க்கு மேல் பிடிக்காது. எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் இன்னும் குடித்து முடிக்கவில்லை.